இரண்டாண்டு வாடகை ஒப்பந்தம் முடியப்போகிறது, வீட்டுக்காரர் 500 வெள்ளி கூட்டுகிறார்: எனக்கு என்ன வழி?

நீங்கள் பல கேள்விகள் கேட்டிருப்பதுபோல் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். சிங்கப்பூரின் செங்காங்கில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, மாதம் 2,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாடகை, இரண்டாண்டு ஒப்பந்தம் ஆகஸ்ட் 31ஆம் தேதி முடிகிறது. 3,300 வெள்ளி கொடுத்தால் இருங்கள், இல்லாவிட்டால் காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் இந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார். மகளுக்கு இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு என்பதால் அக்டோபர் கடைசிவரை பழைய வாடகையிலேயே இருந்துவிட முடியுமா, கடைசி மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா, முகவர் கேட்கும் அரை மாதக் கட்டணத்தைக் கொடுத்தே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தேதி கடந்துவிட்ட பிறகு அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க உங்களுக்குச் சட்டப்படி ஏதாவது உரிமை மிஞ்சுகிறதா என்பதே இவை அனைத்துக்கும் வேரான கேள்வி.

பதில் சொல்லும் முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வழக்கறிஞர் அல்ல. ஒரு சட்ட அலுவலகத்தில் சில ஆண்டுகள் குத்தகைப் பத்திரங்களைத் தட்டச்சு செய்தும் சரிபார்த்தும் இருந்தேன். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பதிவுபெற்ற சொத்து முகவராக இருக்கிறேன். உங்கள் ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை. எனவே சட்டமும் வீவக விதிகளும் சொல்வதை உறுதியாகவும், உங்கள் ஒப்பந்தத்தின் சொற்களைப் பொறுத்தவற்றை "இருந்தால்" என்ற சொல்லோடும் எழுதுகிறேன்.

முதலில் கசப்பான பகுதியைச் சொல்லிவிடுகிறேன். காலவரையறை உள்ள குத்தகை அதன் கடைசி நாளில் தானாகவே முடிந்துவிடும். அதை முடிக்க வீட்டுக்காரர் அறிவிப்புக் கொடுக்க வேண்டியதில்லை, காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. புதுப்பித்துக்கொள்ளும் உரிமையைச் சிங்கப்பூர்ச் சட்டம் குடியிருப்பு வாடகைதாரருக்குத் தானாக வழங்குவதில்லை. வாடகைக்கு உச்சவரம்பும் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது: போருக்கு முந்திய பழைய கட்டடங்களில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்ததால், கடைவீடுகளின் மாடிகளில் தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வாடகையில் வாழ்ந்த குடும்பங்களின் கதையைச் சிராங்கூன் சாலைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தச் சட்டம் 2001இல் முற்றாக நீக்கப்பட்டது. ஆகவே 500 வெள்ளி கூட்டுவது நியாயமா என்று கேட்டால் அது பேரம் பற்றிய கேள்வி. சட்டம் அதில் தலையிடாது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆகஸ்ட் 31 வரை வாடகை 2,800 வெள்ளிதான். இடையில் கூட்டவோ, முன்கூட்டியே வெளியேறச் சொல்லவோ, ஒப்பந்தத்தில் அதற்கென்று ஒரு பிரிவு இல்லாதவரை, அவரால் முடியாது.

இனி, தேதி கடந்தும் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் மிக லேசாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சிவில் சட்டத்தின் 28ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி, குத்தகை முடிந்த பிறகும் வீட்டை ஒப்படைக்காமல் இருப்பவரிடமிருந்து, அவர் வெளியேறும் நாள்வரை, வாடகையைப் போல் இரு மடங்கை வீட்டுக்காரர் தம் விருப்பப்படி கோரலாம். உங்கள் ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாவிட்டாலும் இது பொருந்தும். உங்கள் கணக்கில் அது மாதம் 5,600 வெள்ளி; இரண்டு மாதத்துக்கு 11,200 வெள்ளி. வீட்டுக்காரர் கேட்கும் உயர்த்தப்பட்ட வாடகையே இரண்டு மாதத்துக்கு 6,600 வெள்ளிதான். சில ஆண்டுகளுக்கு முன் நான் கவனித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம், புது வீட்டின் சாவி தாமதமானதால் ஐந்து வாரம் கூடுதலாகத் தங்கிவிட்டது. வீட்டுக்காரர் அந்த ஐந்து வாரமும் ஒன்றும் பேசவில்லை. சாவியை வாங்கிக்கொண்ட மறுநாள் இரட்டை வாடகைக் கணக்கைப் போட்டு முன்பணத்தில் கழித்துக்கொண்டார். ஐந்து வார மௌனத்தைச் சம்மதம் என்று நம்பியது எங்கள் தவறு. நானும் அதில் சேர்த்திதான்.

சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதி இதற்கு அடுத்தது. தேதி கடந்த பிறகு நீங்கள் 2,800 வெள்ளியை அனுப்ப, அவர் எந்த மறுப்பும் சொல்லாமல் பெற்றுக்கொண்டே வந்தால், மாதாமாதம் தொடரும் ஒரு புதுக் குத்தகை உருவாகிவிட்டது என்று வாதிட இடமுண்டு. அப்படியானால் அதை முடிக்க ஒரு மாத அறிவிப்பு வேண்டும். ஆனால் அது தானாக நடப்பதில்லை. இருவரும் மனத்தில் என்ன கருதினார்கள் என்பதைச் செய்திகள், ரசீதுகள், நடத்தை ஆகியவற்றிலிருந்து நீதிமன்றம் ஊகிக்கும். "3,300 அல்லது காலி" என்று அவர் ஏற்கெனவே எழுதிவிட்டதால் உங்கள் பக்கம் அந்த ஊகம் பலவீனமானது. இதேபோல், தேதி கடந்த பிறகு பூட்டை மாற்றிவிடுவாரோ என்ற அச்சத்துக்கும் ஒற்றை வரிப் பதில் கிடையாது. குத்தகை நடப்பில் இருக்கும்போது அவர் அப்படிச் செய்தால் அது தெளிவான ஒப்பந்த மீறல். முடிந்த பிறகு, நீதிமன்றத்தில் உடைமை உத்தரவு பெறுவதே அவருக்குப் பாதுகாப்பான வழி. மிரட்டலும் தொந்தரவும் 2014ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடும். ஆயினும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு இந்தச் சாம்பல்நிறப் பகுதியில் போய் நிற்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

இதில் வீவக வீடு என்பதால் வேறொரு முடிச்சும் இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விட உரிமையாளர் கழகத்தின் அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் குறைந்தபட்சக் காலம் ஆறு மாதம். மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் வாடகைதாரர் என்றால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. சிங்கப்பூரருக்கும் மலேசியருக்கும் மூன்று ஆண்டு. நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து எம்பிளாய்மண்ட் பாஸ் என்னும் வேலைவாய்ப்பு அனுமதி அட்டையில் இருப்பதாக எழுதியிருப்பதால், உங்கள் இரண்டாண்டு அனுமதி ஒப்பந்தத்தோடு சேர்ந்தே காலாவதியாகிறது என்று கொள்ளலாம். எனவே வீட்டுக்காரர் மனமுவந்து "சரி, அக்டோபர்வரை இருங்கள்" என்று சொன்னாலும் அந்த இரண்டு மாதம் ஆறு மாத விதிக்குள் அடங்காது. அனுமதியின்றி விட்டால் அடி விழுவது முதலில் அவருக்கு. வீட்டையே கழகம் கையகப்படுத்திக்கொள்ளும் அளவுக்குத் தண்டனை போகக்கூடும் என்பதால் விவரமறிந்த உரிமையாளர் இதற்கு ஒப்புக்கொள்ளமாட்டார். வேறு எங்காவது இரண்டு மாதத்துக்கு மட்டும் போகலாம் என்றாலும் இதே சுவர்தான்: தனியார் வீடுகளுக்குக் குறைந்தபட்சம் மூன்று மாதம், வீவக அறை வாடகைக்கும் ஆறு மாதம். சேவைக் குடியிருப்புகளில் மட்டும் ஏழு நாளிலிருந்து தங்கலாம், ஆனால் அந்த விலையை ஒரு குடும்பம் இரண்டு மாதம் தாங்குவது கடினம். சுருங்கச் சொன்னால், இரண்டு மாதம் என்ற அளவு இந்த ஊரின் எந்தப் பெட்டிக்குள்ளும் சரியாக அமராது. நீங்கள் கேட்க வேண்டியது ஆறு மாதப் புதுப்பிப்பு.

அதைக் கேட்பதற்கு முன் இன்றிரவே ஒப்பந்தத்தை எடுத்து, புதுப்பிக்கும் விருப்புரிமை என்ற பொருளில் ஒரு பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பல இரண்டாண்டு ஒப்பந்தங்களில் இது இருக்கும். வாடகைதாரர் எல்லா நிபந்தனைகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்து, முடிவதற்கு இரண்டு அல்லது மூன்று மாதம் முன்பாக எழுத்தில் தெரிவித்தால், மேலும் ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ புதுப்பித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருப்பார்கள். இந்தக் கெடுவைச் சட்டம் மிகக் கறாராகப் பார்க்கும். ஒரு நாள் தவறினாலும் உரிமை போய்விடும். கெடு மூன்று மாதம் என்றால் அநேகமாக உங்களுக்கு அது கடந்துவிட்டது, இரண்டு மாதம் என்றால் ஜூன் கடைசிவரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. வாடகை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். "அப்போது நிலவும் சந்தை வாடகையில்" என்றிருந்தால், அவர் நினைத்த எண்ணைச் சொல்ல முடியாது, சந்தை எது என்பதை இருவரும் காட்ட வேண்டும். உங்கள் நிலை வலுவானது. "இருவரும் ஒப்புக்கொள்ளும் வாடகையில்" என்று மட்டும் இருந்தால் அது கேட்க இனிமையான வாக்கியமே தவிர, பின்னொரு நாள் ஒப்புக்கொள்வோம் என்னும் ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது. விருப்புரிமை இருந்தால் வாட்ஸ்அப்பில் பேச்சோடு பேச்சாகச் சொல்லாமல், ஒப்பந்தம் குறிப்பிடும் முறையில், கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ, பிரிவின் எண்ணைச் சுட்டி அனுப்புங்கள்.

விருப்புரிமை இல்லையென்றால் மிஞ்சுவது பேரம். அதற்கும் கையில் சரக்கு வேண்டும். வீவக ஒவ்வொரு காலாண்டும் நகர்வாரியாக, வீட்டு வகைவாரியாக இடைநிலை வாடகையை வெளியிடுகிறது. அனுமதி பெற்ற வாடகைகளின் விவரங்களையும் அதன் இணையத்தளத்தில் பார்க்கலாம். செங்காங் நான்கறை வீடுகளை எடுத்து, உங்கள் புளோக்கையும் பக்கத்து புளோக்குகளையும் தேடி, கடந்த சில மாதத்து எண்களை அவருக்கு அனுப்புங்கள். இணைய விளம்பரங்களில் பார்க்கும் விலை கேட்கும் விலை. இது கொடுத்த விலை. பல வீட்டுக்காரர்களின் நினைவு இன்னும் 2022இலேயே நிற்கிறது. அந்த ஒரே ஆண்டில் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு 29.7 விழுக்காடு ஏறியது. 2023இல் ஏற்றம் 8.7 விழுக்காடாகத் தணிந்தது, 2024இல் 1.9 விழுக்காடு இறங்கியது. அவை தனியார் வீடுகளுக்கான எண்கள் என்பதால் வீவக வீட்டுக்கு நேராகப் பொருத்த வேண்டாம். ஆனாலும் வாடகை என்றால் ஏறத்தான் செய்யும் என்று பேசுபவருக்கு அது ஒரு பதில்.

வீட்டுக்காரர் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நீங்கள் வெளியேறி வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அவருக்கு 2,800 வெள்ளி நட்டம். புது முகவர் கட்டணம், சாயம் பூசும் செலவு தனி. 500 வெள்ளி கூடுதலாகப் பெற்று அதை ஈடுகட்ட அரை ஆண்டுக்கு மேல் ஆகும். இரண்டு ஆண்டு தவறாமல் வாடகை கட்டியவரை இழப்பதைவிட 3,050 அல்லது 3,100 வெள்ளிக்கு இறங்குவது மேல் என்பதைக் கோபமில்லாமல் எடுத்துச் சொன்னால் பெரும்பாலோர் கேட்பார்கள். உங்கள் பக்கத்தில், 3,100 வெள்ளிக்கு ஆறு மாதம் என்றால் கூடுதல் செலவு மொத்தம் 1,800 வெள்ளி. லாரிக்கூலி, புது வீட்டு முன்பணம், மகளின் தேர்வு நேரத்தில் வீடு மாறும் அலைச்சல் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையன்று. ஓர் ஆண்டுக்குக் குறைந்து தரமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், ஆறு மாதம் கழிந்த பிறகு இரண்டு மாத அறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம் என்ற பிரிவைச் சேர்க்கச் சொல்லுங்கள். டிப்ளமாட்டிக் கிளாஸ் என்று எல்லாரும் சொல்லும் பிரிவு இதற்குப் பயன்படாது. அது பொதுவாக வேலை இழந்தாலோ வெளியூருக்கு மாற்றப்பட்டாலோ மட்டுமே உதவும்; முகவர் கட்டணத்தில் மீதிக் காலத்துக்குரிய பங்கை வீட்டுக்காரருக்குத் திருப்பித் தரும் நிபந்தனையும் பெரும்பாலும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும்.

புதுப்பிப்பு முடிவானால் மூன்று வேலைகள் உண்டு. வீட்டுக்காரர் வீவகவுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அப்போது உங்கள் பாஸ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். எப்போது முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் என்றால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அனுமதி வந்ததும் சிங்பாஸ் என்னும் அரசாங்க மின்னிலக்க அடையாளத்தின் வழியாக வீவக தளத்தில் உங்கள் பெயர் பதிவாகியுள்ளதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள், அவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். பிறகு முத்திரைத் தீர்வை. புதுப்பிப்புக்கும் அது உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான்கு ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, 3,100 வெள்ளி வீதம் ஆறு மாதத்துக்கு 18,600 வெள்ளி, அதற்குத் தீர்வை 74 வெள்ளி. சிங்கப்பூரில் கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தில் கட்ட வேண்டும். வழக்கமாக அது வாடகைதாரர் பொறுப்பு. தீர்வை செலுத்தாத பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது என்பதால் 74 வெள்ளியை மிச்சப்படுத்துவதில் பயனில்லை.

முகவர் கட்டணத்துக்கு வருகிறேன். என் தொழில் என்பதால் கூசாமல் சொல்கிறேன். கட்டணம் இவ்வளவு என்று எந்தச் சட்டமும் நிர்ணயிக்கவில்லை. நீங்கள் யாரோடு என்ன கையெழுத்திட்டீர்கள் என்பதுதான் கேள்வி. ஒரே வாடகை ஒப்பந்தத்தில் ஒரு முகவர் வீட்டுக்காரரையும் வாடகைதாரரையும் சேர்த்துப் பிரதிநிதிக்கக் கூடாது. உங்களிடம் கேட்பவர் வீட்டுக்காரருடைய முகவர் என்றால், புதுப்பிப்புக்குக் கட்டணம் தருவதாக நீங்கள் எழுதித் தராதவரை, தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. வீவக வீட்டு வாடகையில் முன்பணத்தையோ வாடகையையோ முகவர் தம் கையால் வாங்குவதும் விதிகளுக்கு முரண். எல்லாம் வீட்டுக்காரரின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, சொத்து முகவைகள் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் சரிபாருங்கள்.

முன்பணத்தைக் கடைசி மாத வாடகையாகக் கழித்துக்கொள்ளச் சொல்வது பற்றி. இரண்டாண்டு ஒப்பந்தம் என்பதால் இரண்டு மாத முன்பணம், அதாவது 5,600 வெள்ளி, கொடுத்திருப்பீர்கள். அது திரும்பாது என்ற பயம் புரிகிறது. பலர் அப்படிச் செய்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் முன்பணத்தை வாடகையாகக் கொள்ளக் கூடாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன. வாடகையைக் கட்டாத கணமே மீறியவர் நீங்கள் ஆகிவிடுகிறீர்கள். புதுப்பிக்கும் விருப்புரிமை இருந்தால் அதுவும் அடிபட்டுப்போகும். நிலுவை வாடகைக்காக உங்கள் பொருள்களை நீதிமன்ற ஆணையின் மூலம் கைப்பற்றவும் வீட்டுக்காரருக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. வீட்டுக்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

முன்பணத்தைக் காப்பாற்றச் சரியான இடம் வேறு. ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்புக் குத்தகை பற்றிய வழக்குகளைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் எடுத்துக்கொள்ளும். 20,000 வெள்ளிவரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளிவரை கோரலாம். தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இரு தரப்புக்குமே அனுமதியில்லை. ஒப்பந்தம் இரண்டு ஆண்டும் ஒரு மாதமும் என்றிருந்தால் இந்தக் கதவு மூடிவிடும், ஆகவே புதுப்பிப்பைத் தனி ஒப்பந்தமாகவே எழுதுங்கள். அங்கே வெல்வது புகைப்படங்கள்தாம். இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல என்பது உறுதி. எது இயல்பு என்பதில்தான் சண்டை. நம் வீடுகளில் குறிப்பாக மூன்று இடங்களில் இது வரும்: சாமி மாடத்துக்கு மேல் விளக்குப் புகை படிந்த கூரை, அடுப்படியில் மஞ்சள் கறையும் தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கும், படம் மாட்ட அடித்த ஆணித் துளைகள். இவற்றைத் தேய்மானம் என்று வாதிட்டு வெல்வது சிரமம். ஒரு டின் சாயமும் ஒரு நாள் துப்புரவும் அவர் கழிக்கப்போகும் தொகையைவிட மலிவு. குளிர்சாதனத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்த ரசீதுகளைத் தேடி எடுத்துவையுங்கள். சிறு சேதத்துக்காக முன்பணம் முழுவதையும் பறிக்கும் பிரிவு இருந்தாலும் தளர வேண்டாம்; ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதும் இழப்பீடு உண்மையான இழப்பின் நேர்மையான முன்மதிப்பீடாக இருக்க வேண்டும், தண்டனையாக இருக்கக் கூடாது என்ற கோட்பாட்டை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் மறுபடி உறுதிசெய்தது.

பேரம் படியாமல் புது வீடு தேடும்படி ஆனால், நீங்கள் மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் என்பதால் முழு வீவக வீட்டுக்கு ஒதுக்கீட்டு விதி குறுக்கே வரும்: இத்தகையோருக்கு வாடகைக்கு விடக்கூடிய வீடுகள் பேட்டையில் 8 விழுக்காட்டையும் புளோக்கில் 11 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. முன்பதிவுத் தொகை கொடுப்பதற்கு முன் அந்தப் புளோக்கில் இடமிருக்கிறதா என்று உரிமையாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜூலை நடுவிலேயே தேடத் தொடங்கினால் ஆகஸ்ட் கடைசியில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டியிருக்காது.

வீட்டுக்காரர் தொகையைப் பிடித்துக்கொள்வார் என்றோ விருப்புரிமைப் பிரிவின் பொருளில் ஐயம் இருக்கிறது என்றோ தோன்றினால், புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு ஒப்பந்தத்தோடு போய் வாருங்கள். அந்தப் பிரிவை நேரில் படிக்கும் வழக்கறிஞரின் சொல் என்னுடையதைவிட எடையானது. வெளியேறும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, பொருள்பட்டியலில் கையெழுத்திட்டு, மின்சார, தண்ணீர் மீட்டர்களைப் படமெடுத்து, எத்தனை சாவி கொடுத்தீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு, மின்சாரம், தண்ணீருக்கான எஸ்பி கணக்கை அன்றைய தேதியிலேயே மூடிவிடுங்கள்.